படையல் வேண்டாம் என்றவள்

எனக்கு எழுபத்தாறு வயசு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள் நான். போன வாரம் புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்குகிற ஜீப்பில் எனக்கு எதிரே ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு மறுநாள் இருதய ஆபரேஷன். அவள் ஏசுவை நம்புகிறவள். தம்பி எங்களைப் போலச் சாமி கும்பிடுகிறவன்.

"இத பார்டா, எனக்கு எதுனா ஆயிட்டா படையல் போடாத," என்றாள்.

"இன்னாக்கா இது? அப்பா அம்மாவுக்கெல்லாம் எலை போடறோம். உனக்குப் போடலன்னா உன் ஆவி பசியோட வூட்டச் சுத்துமே."

"செத்தவங்களுக்குத்தான்டா படையல். நான் செத்திருக்க மாட்டேன். ஒடம்பு மண்ணுக்குப் போவும், ஆவி கர்த்தர்கிட்ட உயிரோட இருக்கும். அங்க பசியே கெடையாது."

தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்போ பொங்கலுக்கு அப்பா அம்மால்லாம் எலைக்கு வந்து சாப்புடுவாங்க, நீ மட்டும் நம்ம வூட்டுக்கு வரவே மாட்டியாக்கா?"

அவள் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

"எனக்குச் சோறு போடணும்னா உயிரோட இருக்கறப்பவே போடு. ஆபரேஷன் முடிஞ்சி நேரா உன் வூட்டுக்குத்தான் வர்றேன். சாமைச் சோறு சுடச்சுட இருக்கணும். ஆறிப்போனத எலையில வெச்சிக் கும்புட்டுக்கினு நிக்காத."

"கோழி அடிக்கட்டா?"

"அடி. தொடை எனக்கு."

ஜீப்பே சிரித்தது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

யம்மா பானு, என் பேத்தி இல்ல, நான் எழுதின இந்தக் கதையை ஒரு தடவை சத்தமாப் படிச்சிக் காட்டு. நிதானமாப் படி, ஜீப்புல வந்த அந்த அக்கா குரல் எனக்குக் கேக்கணும்.