சரியான இரண்டு நிரல்கள், தவறிப்போன ஒரு நிறுத்தம்

ஒரு கணினி மொழியில் எழுதியதை இன்னொரு மொழியில் எழுதியதோடு சேர்ப்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் கொட்டாவி தெரிகிறது... அதனால் தோழிகளே, ஒரு குட்டிக் கதை கேளுங்கள்.

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்று ஒரு மாணவி. பார்வை கிடையாது. டவுன் பஸ்ஸில் தனியாக வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அவள் ஆசை. அவள் அம்மா சொன்னார்: "ஒரு நாள் போய்க் காட்டு. நம்ம ஸ்டாப்புல சரியா இறங்கிட்டேன்னா, அப்புறம் நான் கூட வரல."

அவளுக்காக இரண்டு தோழிகள் செல்போனில் ஒரு வழி செய்தார்கள். பஸ் எத்தனையாவது நிறுத்தத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரலைத் தஸ்னீம் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதினாள். அந்த எண்ணை வாங்கி, நிறுத்தத்தின் பெயரைக் காதில் சொல்லும் நிரலை ஜெனிட்டா ஸ்கிராட்ச் என்ற இன்னொரு மொழியில் எழுதினாள்.

அந்த நாளும் வந்தது. அவர்கள் இறங்கவேண்டிய தபால் ஆபீஸ் நிறுத்தத்தில் அம்மா காத்திருக்கிறார். பஸ் நிற்கிறது... யார் யாரோ இறங்குகிறார்கள்... மகள் இறங்கவில்லை. பஸ் போயே விட்டது. அடுத்த நிறுத்தத்தில்தான் செல்போன் "தபால் ஆபீஸ்" என்றது. அதை நம்பிச் செண்பகவல்லி அங்கே இறங்கிவிட்டாள். அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். "போதும்மா. இனி நானே வாரேன்."

மறுநாள் பள்ளியில் சண்டை.

"ஏட்டி ஜெனி, ஒன் புரோகிராம்தான் தப்பாச் சொல்லுது."

"நீ ரெண்டுன்னு அனுப்புன. நான் ரெண்டாவது பேரைச் சொன்னேன். இதுல என்னட்டி தப்பு?"

"பைத்தான் பூஜ்யத்துல இருந்து எண்ணும். ரெண்டுன்னா மூணாவது ஸ்டாப்பு."

"ஸ்கிராட்ச் ஒண்ணுல இருந்து எண்ணும். அதுக்கு நான் என்ன செய்ய, அது காலைப் பிடிக்கவா?"

கேட்டுக்கொண்டே இருந்த செண்பகவல்லி மெதுவாகச் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் சரிதாம்ட்டி... நான் மட்டுந்தான் தப்பான இடத்துல இறங்கிட்டேன்."

அன்று மாலை தோழிகள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தஸ்னீம் தன் வீட்டில் உட்கார்ந்து, தன் நிரல் அனுப்பும் எண்ணோடு ஒன்றைக் கூட்டினாள். ஜெனிட்டாவும் தன் வீட்டில், தன் நிரல் வாங்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டினாள். ஒருத்தி மற்றவளிடம் சொல்லவில்லை. விளைவு? சோதித்துப் பார்த்தபோது, இப்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே செல்போன் "தபால் ஆபீஸ்" என்றது.

"ஒருத்திக்கு ஒருத்தி வாயைத் தொறந்து சொல்ல மாட்டீயளா?" என்று செண்பகவல்லி சிரித்தேவிட்டாள்.

அதன் பிறகுதான் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜெனிட்டா தான் கூட்டியதை எடுத்துவிட்டாள். அம்மாவிடம் கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினார்கள்.

பஸ் வந்தது. செண்பகவல்லி இறங்கினாள், தபால் ஆபீஸில். அம்மா கையை நீட்டினார்... பிறகு மடக்கிக்கொண்டு, மகளுக்குப் பின்னால் நடந்தார்.

நீங்கள் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதுங்கள், தோழிகளே. ஆனால் எழுதி முடித்ததும், "என் பகுதி சரி" என்று எழுந்து போய்விடாதீர்கள். அடுத்தவள் எங்கிருந்து எண்ணுகிறாள் என்று கேளுங்கள். உங்கள் இருவரையும் நம்பி ஒருத்தி பஸ்ஸில் ஏறியிருக்கிறாள்.