தம்பி பெயருக்கு ஒரு பூட்டு

உங்கள் நாற்காலி ஆடுகிறது, மேடம். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன். பின்கால் ஒன்று குட்டை. குப்பைக்கூடையில் கிடந்த அட்டையைக் கிழித்து, மடித்து, அந்தக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து பாருங்கள். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்தான். கேட்டிருந்தால் "பரவாயில்லை, இருக்கட்டும்" என்றிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்புறம் என்றைக்காவது ஒருநாள் விழுகிறார்கள்.

நான் சரக்கு யார்டில் கட்டு மேஸ்திரி. இரும்புக் குழாய், மரத்தடி என்று உருளக்கூடிய எதை அடுக்கினாலும் அது சரியாமல் கயிறும் சங்கிலியும் போட்டு நிறுத்துவது என் கும்பலின் வேலை. அங்கே ஒரு விதி உண்டு. எங்கேயும் எழுதி மாட்டியிருக்காது. ஓர் அடுக்கை யார் கட்டினானோ அவனேதான் அதை அவிழ்க்க வேண்டும். எந்தக் கயிறு எந்தப் பக்கத்துப் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது கட்டியவன் கைக்குத்தான் தெரியும். என் அப்பா கட்டிய அடுக்கு ஒன்றை வேறொருவன் அவசரத்தில் அவிழ்த்தான். அப்பா கீழே நின்றுகொண்டிருந்தார். அதில் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா அதற்கும் முன்பே, தம்பியைப் பெற்ற கையோடு போய்விட்டாள். அவனை வளர்த்தது நான். பல் தேய்க்க, சைக்கிள் விட, பிறகு யார்டில் கிரேன் ஓட்ட, எல்லாம் நான் பழக்கியதுதான். அவன் கல்யாணத்தன்று காலையில் சட்டைப் பித்தான் தெறித்துவிட்டது. அதைத் தைத்ததும் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் வழக்குக்கு அது தேவைப்படும்.

கீழ்வீட்டில் நானும் என் மனைவியும். மாடியில் அவனும் அவன் மனைவியும். அவள் நர்ஸ். சாப்பாடு எல்லோருக்கும் கீழே, ஒரே மேசையில்.

அந்தக் கம்பெனி விஷயம் உங்களுக்குத் தெரியும். யார் யார் கடன் வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று ஊரிலுள்ள அத்தனை பேரைப் பற்றியும் ஒரு கோப்பு வைத்திருக்கும் கம்பெனி. தவணையில் போன் வாங்கியவன்கூட அதில் இருப்பான். பேர், பிறந்த தேதி, முகவரி, அடையாள எண் எல்லாவற்றையும் எவனோ அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று செய்தி வந்தது. எங்கள் கேன்டீனில் அன்றைக்கு வேறு பேச்சில்லை. லாரி ஓட்டும் 'தொப்பி' என்பவர் மட்டும் கவலைப்படவில்லை.

"என் பேருல எவனாச்சும் கடன் வாங்கிட்டான்னா அவனைக் கூட்டிட்டு வாங்கப்பா. எப்படி வாங்கினான்னு கேட்டுக்கணும். எனக்கே தரமாட்டேங்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். சரியும் அடுக்குக்குக் கீழே நின்று சிரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கம்பெனியே மன்னிப்புக் கேட்டு, கூடவே அறிவுரையும் வெளியிட்டிருந்தது. கதவைத் திறந்துபோட்டுத் தூங்கியவன், விடிந்ததும் தெருவுக்கே பூட்டு போடச் சொல்லிக்கொடுத்த கதை. ஆனால் அறிவுரை நல்ல அறிவுரைதான். உங்கள் கோப்பைப் பூட்டி வையுங்கள். பூட்டியபின் உங்கள் பெயரில் யாரும் புதுக் கடன் வாங்க முடியாது. பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைக் கொடுக்காதீர்கள். உண்மை ஏற்கெனவே திருடனிடம் இருக்கிறது. ரகசியத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். நான் ஒவ்வொன்றையும் அப்படியே செய்தேன். யாரிடமும் என்று போட்டிருந்தால் யாரிடமும்தான்.

என்னுடையதைப் பூட்டினேன். என் மனைவி தன்னுடையதைத் தானே பூட்டிக்கொண்டாள். ரகசிய எண் போடும்போது நான் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதுதான் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

தம்பி அப்போது டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் திருப்பாமல் போனை நீட்டினான்.

"நீயே பாத்துக்கண்ணே. எனக்கு இதுக்கெல்லாம் பொறுமை கெடையாது."

அவன் சம்மதம் அதுதான். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் கோப்பையும் பூட்டினேன். ரகசிய எண் போட்டேன். கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தால் என் போனுக்கு வரும்படி எண்ணை மாற்றினேன். அவன் போனைக் கிரேன் உச்சியிலிருந்து கீழே போட்டவன். பாதுகாப்புக் கேள்விகளுக்கும் வேறு பதில்கள் கொடுத்தேன். பொய்ப் பதில் கொடுக்கச் சொன்னது அவர்கள்தான், நான் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது தம்பி மனைவி சொன்னாள்.

"மாமா, எனக்கு வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிருக்கு. பக்கத்துலயே ஒரு வீடும் பாத்துட்டோம். இவருக்கும் அங்க யார்டு இருக்கு."

வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மீதிக்கு வங்கிக் கடன் பேசியாகிவிட்டது, மாத முடிவுக்குள் கடன் வராவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்றான் தம்பி. என் மனைவி எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் சந்தோஷம் என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். வீடு ஒழுகுமா என்று மட்டும் கேட்டேன். ஆறு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, எப்படி ஒழுகும் என்று சிரித்தாள். மேல்வீட்டுக்காரன் குளியலறை ஒழுகலாமே என்றேன்.

வங்கி கடனை நிறுத்தி வைத்தது. கோப்பு பூட்டியிருக்கிறது, திறந்துவிட்டு வாருங்கள் என்றார்கள். தம்பி என்னிடம் ரகசிய எண்ணைக் கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் கேட்டான். இரு, பார்க்கிறேன் என்றேன். பாரம் ஆடிக்கொண்டிருக்கும்போது கயிற்றில் கை வைக்கக் கூடாது, மேடம். முதலில் எல்லாம் அசையாமல் நிற்க வேண்டும். அவனுக்குத்தான் பொறுமை இல்லையே. கம்பெனிக்குத் தானே போன் போட்டுவிட்டான்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் பேசினான். நான் எதிரில் இருந்தேன். பிறந்த தேதி கேட்டார்கள், சொன்னான். தாயார் பெயர் கேட்டார்கள், சொன்னான். தவறு என்றார்கள். திரும்பச் சொன்னான், எழுத்துக் கூட்டியும் சொன்னான். தவறு என்று வைத்துவிட்டார்கள்.

"அம்மா பேரு எனக்குத் தெரியாதாண்ணே?"

"பதறாம யோசிச்சுப் பாருடா" என்றேன்.

பாவம், நிஜமாகவே யோசித்தான். அம்மாவை வீட்டில் கூப்பிட்ட செல்லப் பேரைக்கூட என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் சொல்லிப் பார்த்தான்.

இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஒரு பெண் பேசினாள், நல்ல மரியாதை. தம்பி பெயரைச் சொல்லி, பேசுவது அவர்தானா என்றாள். சொல்லும்மா என்றேன். சரிபார்க்கத் தாயார் பெயரைக் கேட்டாள். சொன்னேன். சரி என்றாள். யாரோ ஒருவர் திரும்பத் திரும்ப உங்கள் கோப்பைத் திறக்கப் பார்க்கிறார், அது நீங்களா என்றாள்.

"நான் இல்லம்மா" என்றேன்.

அதில் பொய் எங்கே இருக்கிறது? திறக்கப் பார்த்தது நான் இல்லை. அப்படியானால் ஆள்மாறாட்டம் என்று குறித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். குறித்துக்கொள்ளச் சொன்னேன். எங்கள் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்றாள். முழு மதிப்பெண் கொடுத்தேன். அந்தப் பெண் வேலையில் கெட்டி.

அந்த வாரமே தம்பி எல்லாத் தாள்களையும் தூக்கிக்கொண்டு வங்கிக்கு நேரில் போனான். மேனேஜர் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் பண்ணியிருக்கிறார். தன் முகம் போட்ட அடையாள அட்டையைத் தானே வைத்திருந்த குற்றத்துக்காக அவனைக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று கேட்டதற்கு என் எண்ணைத்தான் சொல்லியிருக்கிறான். பெண்டாட்டி எண்ணைச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை உடுப்போடு போனேன். அங்கிருந்த ஏட்டு தமாஷான ஆள். "இவர் இவர்தானான்னு கேட்டா இவருக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க" என்றார். என் தம்பிதான் என்று கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தேன். வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டான், சைக்கிள் பழகிய காலத்தில் பிடிப்பதுபோல.

"நீ இல்லன்னா என் கதி என்னண்ணே ஆயிருக்கும்?"

மீதி வழியெல்லாம் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

வீடு கைவிட்டுப் போனது. தம்பி மனைவி வேலையில் சேர வேண்டிய நாள் வந்து, தனியாகக் கிளம்பிப் போனாள். ஆள்மாறாட்டம் என்ற குறிப்பு யார்டு அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது. தான் யார் என்று நிரூபிக்கும்வரை கிரேன் சாவி கிடையாது என்றார்கள். அவன் வாசலில் சும்மா நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. என் கும்பலில் சேர்த்துக்கொண்டேன். இவ்வளவு வருஷம் மேலே உட்கார்ந்து பழகியவன், கயிறு இழுத்து உள்ளங்கை கிழிந்தது. நானே மருந்து போட்டுவிட்டேன். மூன்று வேளையும் என் மேசையில் சாப்பிட்டான். கொஞ்சம் சதைகூடப் போட்டான். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை, ஆனால் இதை மறுக்கமாட்டாள்.

மாட்டிக்கொண்டது காலைச் சாப்பாட்டின்போது. தம்பி மனைவி லீவில் வந்திருந்தாள். தன் எதிரில் ஒரு முறை போன் பண்ணச் சொல்லி அவனை உட்கார வைத்தாள். போனில் சத்தத்தைக் கூட்டி மேசை நடுவில் வைத்தார்கள். தாயார் பெயரை விட்டுவிட்டு வேறு வழி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அந்தப் பக்கத்தில் இருந்தவர், பதிவான போன் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லுங்கள் என்றார்.

தம்பியின் போன் சும்மா கிடந்தது. என் சட்டைப் பையில் 'டிங்' என்று கேட்டது.

"மாமா, உங்க போனு" என்றாள் அவள்.

"ஏதாவது விளம்பரமா இருக்கும்மா."

"பாத்துடுங்களேன்."

தம்பி எழுந்துவந்து என் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். சத்தம் போடவில்லை. "எதுக்குண்ணே?" என்று மட்டும் கேட்டான். பத்திரத்துக்குத்தான் என்றேன். போனை என் தட்டுக்குப் பக்கத்தில், ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போனான். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. மீதிக் கதைதான் புகாராக உங்கள் மேசையில் இருக்கிறது.

முன்னால் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், மேடம். கோப்பைப் பூட்டியது பந்தாட்டம் நடந்த அன்றைக்குத்தான். அன்று எழுதிய பதில்கள் அவனுடைய உண்மையான பதில்கள். எச்சரிக்கை வரும் போன் எண்ணும் அவனுடையதுதான். அவற்றை மாற்றியது அவர்கள் ஊர் மாறப்போவதாகச் சொன்னார்களே, அதற்கு மறுநாள் காலையில். அவன் குளித்துக்கொண்டிருந்தான். போன் சமையல் மேடையில் சார்ஜில் இருந்தது. குளித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டேன். அவன் சாவகாசமாகக் குளிப்பவன்; சின்ன வயதில் நான் கொடுத்த செல்லம்.

அவன் கோப்பைத் திறக்க வேண்டும், பதிலைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சொல்கிறேன். கட்டியவன் நான், அவிழ்க்க வேண்டியவனும் நான்தான். தாயார் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அதைப் பொய்ப் பதில் என்று நான் நினைக்கவில்லை. யோசித்துப் பாருங்கள், அவன் எத்தனை பேர் சொல்லிப் பார்த்தான். அம்மாவின் முழுப்பெயர், செல்லப்பெயர், கடைசியில் யாரோ ஒரு பெரியம்மாவின் பெயர்கூட. எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே திறந்திருக்கும்.