மீசைக்காரங்க கவனத்துக்கு

இல்ல சார், நீங்களே சொல்லுங்க, கக்கூஸ் பக்கத்துல மேசையைப் போட்டா எவன் சார் நின்னு பேசுவான்? உள்ள போறவன் அவசரத்துல போறான், வெளிய வர்றவன் கையை உதறிக்கிட்டு வர்றான். நான் நீட்டற துண்டுச் சீட்டை வாங்கி, ஒரு எழுத்துப் படிக்காம, அதுலயே கையைத் தொடச்சு என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போறான். நாலு வருஷமா இதே மண்டபம், எனக்கு இதே மூலை. வாசல்ல காத்தோட்டமா இருக்கே ஒரு மேசை, அது எங்க சங்கத் தலைவரம்மாவுக்கு. கேட்டா, வர்றவங்களை வரவேற்கணுமாம். வரவேற்க அவங்க, வழியனுப்ப நானா… உக்காருங்க சார். அந்த நாற்காலி ஆடும், விழாது.

கை கழுவ வந்தீங்களா, நாய் பாக்க வந்தீங்களா? நாய் பாக்கவா. சரி. கையில என்னமோ பேப்பர் வெச்சிருக்கீங்க, இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம். காலை மட்டும் பாத்து வைங்க, மேசைக்கடியில ஒருத்தன் படுத்திருக்கான். அவனைப் பத்திப் பின்னாடி சொல்றேன். சொல்றதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல.

நான் காப்பீட்டு ஆபீஸ்ல புகார் பிரிவுல இருக்கேன் சார். வாரத்துக்கு ஆறு நாள், ஊர்ல இருக்கிறவன் பொலம்பலையெல்லாம் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். 'புரியுதுங்க, பாக்கறோங்க.' இந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் சம்பளம். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நான் பேசறது. வீட்ல பேசலாம்னா, நான் வாயைத் தொறந்த ஒடனே என் வீட்டுக்காரர் காதுல இருக்கிற மிஷினைக் கழட்டி மேசைமேல வெச்சிடுவாரு. அதனால இன்னிக்கு நீங்க மாட்டுனீங்க.

நம்ம சங்கம் என்னன்னு தெரியும்ல? குட்டைக்கால் நாய் மீட்புச் சங்கம். டாக்ஸண்ட்னு சொல்லுவாங்களே, உடம்பு நீட்டு, காலு இருக்கா இல்லியான்னு குனிஞ்சு பாக்கணும், அந்த ஜாதி. படத்துல பாத்து ஆசைப்பட்டு வாங்கிடறாங்க. ஓயாம கொரைக்கும்னு தெரியாது, சோபாவுலேர்ந்து குதிச்சுக் குதிச்சு முதுகெலும்பு பிசகிடும்னு தெரியாது. பிசகினதும் தெருமுனையில எறக்கி விட்டுட்டுப் போயிடறது. அதுங்களை நாங்க தூக்கிட்டு வந்து, ஆளுக்கொண்ணா வீட்ல வெச்சுத் தேத்தி, நல்ல எடமாப் பாத்துத் தத்து குடுக்கறோம். மருந்து மாத்திரைக்கு என்ன பண்றது? அதுக்குத்தான் ரெண்டு மாசத்துக்கு ஒரு நிகழ்ச்சி. நிதி திரட்டற நிகழ்ச்சின்னு ஒண்ணு, விழிப்புணர்வு நிகழ்ச்சின்னு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதான் சார். எதுல நிதி வரலையோ, அது விழிப்புணர்வு.

போன தடவை விழிப்புணர்வு நடை. தலைவரம்மாவோட யோசனை. ரெண்டு கிலோமீட்டர். குட்டைக்கால் நாயை வெச்சுக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர்னு புத்தி இருக்கிறவங்க யாராச்சும் சொல்லுவாங்களா? நூறு அடி தாண்டல, முப்பத்தோரு நாயும் நடுரோட்டுல படுத்துடுச்சு. அப்புறம் என்ன பண்றது, முப்பத்தோரு பேரும் ஆளுக்கொண்ணைத் தூக்கிக்கிட்டு, நாக்குத் தள்ள நடந்தோம். ஓரமா நின்ன ஒரு அம்மா, எந்த நாய் ஆஸ்பத்திரியில தீப்பிடிச்சுதுன்னு கேட்டாங்க. அன்னிக்கு ஊருக்கு வந்த விழிப்புணர்வு அவ்வளவுதான்.

தூக்கறதுன்னா சும்மா அள்ளித் தூக்கிடக் கூடாது சார். ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்காலுக்கு அடியில, முதுகு வளையாம. இங்க பாருங்க, இப்படி. நெஞ்சு… பின்கால்… நீங்களும் கையை வெச்சுப் பாக்கறீங்களே. பரவாயில்ல, தலைவரம்மாவுக்கே இன்னும் இது வரல.

அதுக்கு முந்தின தடவை பேனர் கூத்து. நம்ம நாய் படம் போடச் சொன்னா, அச்சுக்காரர் போலீஸ் நாய் படத்தைப் போட்டு அடிச்சுட்டாரு. கேட்டதுக்கு, இதுதான் பாக்க நல்லா கம்பீரமா இருக்குன்னாரு. மாத்தறதுக்கு நேரமில்ல, காலு மேல காகிதத்தை ஒட்டிக் குட்டையாக்கி மாட்டினோம். அப்புறம் அந்தச் சிறப்பு விருந்தினர்… நாய்க்குப் பண்ண பிஸ்கட்டும் மனுஷனுக்குப் பண்ண பிஸ்கட்டும் ஒரே மேசையில வெச்சிருந்தாங்க. அவரு நாய் பிஸ்கட்டா எடுத்து நாலு தின்னுட்டு, சக்கரை கம்மியா இருக்கு, உடம்புக்கு நல்லதுன்னு ரெண்டு பொட்டலம் வீட்டுக்கும் வாங்கிட்டுப் போனாரு. யாரு போயி சொல்றது? அடுத்த தடவையும் அதையே கேட்டாரு சார்.

குலுக்கல் இருக்கே, குலுக்கல். பரிசு ஒரு கம்பளி. தலைவரம்மா அன்பளிப்பாக் குடுத்தது. மூணு வருஷமா அதே கம்பளிதான், மூணு வருஷமா அது தலைவரம்மாவுக்கே விழுது. நான் ஒண்ணும் சொல்லல. அப்புறம் ஒரு அம்மா, நாயை அலங்காரப் பொருளா வாங்காதீங்கன்னு முக்கா மணி நேரம் மைக்குல பேசுனாங்க. பேசிட்டு எறங்கி நேரா என்கிட்ட வந்து, இதுல கொஞ்சம் வெளிர்க் கலர்ல இருக்குமா, எங்க சோபாவுக்குப் பொருத்தமா இருக்கும்னு கேட்டாங்க.

சரி சரி, இவன். கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பேரு மேனேஜர். நாங்க வெச்ச பேருதான். யாரு வந்தாலும் வாசல்ல மறிச்சு, பையை மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவான். திருப்தியில்லைன்னா இன்னொரு தடவை மோந்து பாப்பான். ஏழு மாசமா எங்க வீட்லதான் இருக்கான். கார்டைப் படிங்களேன், எல்லாம் எழுதியிருக்கு. எந்த நாய் யாரு வீட்ல இருக்கோ, அவங்கதான் அதோட கார்டை எழுதணும். மத்தவங்க கார்டெல்லாம் பாத்தீங்கள்ல, அன்பானவள், அமைதியானவள், குழந்தைகளோட ஒட்டிக்குவாள்னு கல்யாண விளம்பரம் மாதிரி இருக்கும். நான் அப்படி எழுத மாட்டேன். நாளைக்கு யாரும் என்னைக் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க. படிங்க. கடிப்பான். குறட்டை விடுவான். குடையைக் கண்டாப் பாய்வான். கீழ பெரிய எழுத்துல இருக்கு பாருங்க… மீசைக்காரங்க கவனத்துக்கு, மீசையைக் கண்டா இவனுக்கு ஆகவே ஆகாது.

உங்களுக்கு மீசை இருக்கு. நான் கவனிக்காம இல்ல.

மூணு நிகழ்ச்சியாச்சு சார். ஒம்போது பேரு வந்தாங்க, ஒம்போது பேரும் கார்டைப் படிச்சாங்க, அடுத்த மேசைக்குப் போயிட்டாங்க. தலைவரம்மாவுக்கு எரிச்சல். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இவனுக்கு எடம் அமையலைன்னா, நாளைக்குக் காலையில ஊருக்கு வெளிய இருக்கிற தோட்ட வீட்டுக்காரரு கிட்ட மாத்திடுவாங்களாம். அங்க ஏற்கனவே பதினோரு நாய் இருக்கு. அந்தக் கும்பல்ல இவன் யாரு பையைப் போயி மோந்து பாப்பான்? சோத்துத் தட்டுகிட்டயே நெருங்க முடியாது. பாருங்க, இருக்கற காலு இவ்வளவுதான்.

நீங்களே வெச்சுக்கக் கூடாதான்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கூடாது சார். விதி பதினாலு. வளர்ப்பு வீட்டுக்காரங்க, தாங்க பாத்துக்கிற நாயைத் தாங்களே தத்து எடுக்கக் கூடாது. ஏன்னா, எடுத்துட்டா அந்த வீடு நெறஞ்சுடும், அடுத்த நாய்க்கு எடமிருக்காது. அப்படித்தான் ஒரு சமயம் ஆறு வீடு ஆறு நாயோட அடைஞ்சுபோச்சு, புதுசா வந்ததுங்களை வெக்க எடமில்லாம இந்த மண்டபத்துப் பின்னாடி கட்டிப் போட்டிருந்தோம். நல்ல விதிதான். யாரு போட்டதா? … யாரோ போட்டாங்க.

நான்தான் போட்டேன்.

எதுத்த மேசையில நாய்ங்களுக்குப் பல்லு பாக்கறாரே, அந்தப் பல் டாக்டர், அவருதான் அந்த விதியில மொதல்ல மாட்டுனவரு. மனுஷப் பல்லுதான் பாக்கறவரு, இங்க வந்தா நாய்ப் பல்லும் பாப்பாரு. எட்டு மாசம் ஒரு கறுப்புக் குட்டியை வெச்சிருந்தாரு. இது என்கிட்டயே இருக்கட்டுமேன்னு கூட்டத்துல எந்திரிச்சு நின்னு கேட்டாரு. கண்ணு கலங்கிப்போச்சு அவருக்கு. நான் எந்திரிச்சேன் சார். விதி பதினாலைப் படிச்சுக் காட்டுனேன். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் டாக்டர்"னேன். மறுநாள் குட்டியைக் கொண்டுவந்து குடுத்துட்டு, வெறும் கழுத்துப் பட்டையை மட்டும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனாரு. அது நடந்து நாலாம் மாசம் இவன் எங்க வீட்டுக்கு வந்தான். இப்ப நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எனக்கு மட்டும் விதியை மாத்துங்கன்னு கேக்கறது? அவரு என்னைத் திட்டிட்டாக் கூடத் தேவலை. பாத்தா சிரிக்கறாரு. இன்னிக்குக் காலையில இவன் பல்லைத் தொட்டுப் பாத்துட்டு, நல்லா வெச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போறாரு.

என்ன சார் அசையாம உக்காந்திருக்கீங்க? கால் மரத்துப்போச்சா… ஓ. தாடையை உங்க செருப்பு மேல வெச்சுட்டானா. தூக்கத்துல அப்படித்தான் வெப்பான், அதுக்கு ஒண்ணும் அர்த்தமில்ல. தூங்கலையா? மேல பாக்கறானா. உங்க மீசையவா பாக்கறான்? குனியாதீங்க சார், கார்டுல போட்டிருக்குல்ல, சொன்னாக் கேளுங்க… சரி. நக்கிட்டான்.

அது வந்து… இவன் வந்த புதுசுல மொதல் நிகழ்ச்சியில ஒரு மீசைக்காரரு வந்தாரு. நல்ல மனுஷன். தரையில சப்பணம் போட்டு உக்காந்து இவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசுனாரு. பிடிச்சுப்போச்சு, போயி வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரேன்னு போனாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள அந்த வரியை எழுதிட்டேன். குடை அடுத்த நிகழ்ச்சியில எழுதுனது, அன்னிக்கு ஒரு அம்மா குடையோட வந்தாங்க. கடிக்கறதும் பொய்தான். குறட்டை மட்டும் நிஜம். அதுவும் சத்தமா இருக்காது, கெட்டில்ல தண்ணி கொதிக்க ஆரம்பிக்கும்ல, அந்த அளவுதான்.

எங்க வீடு எத்தனாவது மாடின்னு எதுக்குக் கேக்கறீங்க? மூணாவது. லிஃப்ட் கெடையாது. அம்பத்திரண்டு படி. ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்கிட்டு ஏறி எறங்கறேன், முட்டி ரெண்டும் போச்சு. முட்டி போனாப் போகுது. போன வாரம் நான் ஆபீஸ்லேர்ந்து வர்ற செருப்புச் சத்தம் கேட்டு, கதவு தொறந்திருக்கவும் இவனே படியில எறங்கிட்டான். ஏழாவது படியில முதுகு பிடிச்சுக்கிச்சு. நாலு நாள் எந்திரிக்கல சார். மூத்திரம் போகக்கூட எந்திரிக்கல. ஊசி போட்ட நாய் டாக்டர், படி இருக்கிற வீட்ல இவனை வெக்காதீங்க, அடுத்த தடவை பின்கால் வெளங்காமப் போயிடும்னு சொல்லிட்டாரு. நான் அதை இன்னும் தலைவரம்மாகிட்டச் சொல்லல. கார்டுலயும் எழுதல. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களுது கீழ்வீடா. ஒத்தப் படிகூட இல்லியா. வாசல்ல சின்னதா ஒரு நிலைப்படி இருக்குமே… அதுவும் இல்லியா.

அந்தப் பேப்பரைக் காட்டுங்க. தத்து விண்ணப்பம். வீடு பாத்தாச்சுன்னு போட்டிருக்கு, தலைவரம்மா கையெழுத்து இருக்கு, தேதி போன வாரத்துத் தேதி. அப்ப நீங்க வந்ததுலேர்ந்து இதை வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. … ஆமா, நான் எங்க உங்களைப் பேச விட்டேன். நாயோட பேரு எழுத எடம் காலியா இருக்கு. வளர்ப்பு வீட்டுக்காரர் கையெழுத்துன்னு ஒரு கோடு இருக்கு. அது ஒண்ணுதான் பாக்கி.

என் பேனா எழுதாது. நெஜமாத்தான் சொல்றேன், காலையிலேர்ந்தே மக்கர். … இந்தப் பேனா நல்லா எழுதுது உங்களுது.

எங்க வீட்டுக்காரரு காது மிஷினைக் கழட்டிடுவாருன்னு சொன்னேன்ல. இந்த ஏழு மாசமாக் கழட்டறதில்ல சார். நான் எவ்வளவு பேசினாலும் பொறுத்துக்கறாரு. தரையில இவன் நகம் டிக்கு டிக்குன்னு கேக்குமாம், அதுக்காக. இன்னிக்குக் காலையில நான் கெளம்பறப்ப, "திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவல்ல?"ன்னாரு. நான் பதில் சொல்லல. அவரு மிஷின் சரியா வேலை செய்யலைன்னு நெனச்சுத் திருகிக்கிட்டே இருந்தாரு.

போட்டுட்டேன். இந்தாங்க. காலையில ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி, அதுக்கு மேல கேப்பான், குடுக்காதீங்க. வெயிட்டுப் போட்டா முதுகு தாங்காது. சோபாவுல ஏத்தாதீங்க. பையை மோந்து பாக்க விடுங்க, அவசரமா இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்னு காட்டிட்டுப் போங்க. இன்னொண்ணு, இது கார்டுல இல்ல, ஆனா நிஜம். இவன் புதுசா யாருகூடப் போனாலும் பத்தடி வரைக்கும்தான் நடப்பான். பத்தாவது அடியில உக்காந்துடுவான். அப்ப நான் கூப்பிட்டா திரும்பி வந்துடுவான். அதனால நீங்க சீக்கிரம் கெளம்புங்க சார், நான் மறுபடி பேச ஆரம்பிக்கறதுக்குள்ள.

ஆறு… ஏழு… எட்டு… ஒம்போது.

உக்காந்துட்டான். பாரு, திரும்பிப் பாக்கறான். நான் கூப்பிடலடா. நான் இங்க சீட்டு அடுக்கிக்கிட்டிருக்கேன். … குனியறாரு. ஒரு கை நெஞ்சுக்கு. ஒரு கை பின்காலுக்கு அடியில. ஆமா, அப்படித்தான். முதுகு வளையல. சரியாத்தான் தூக்கறாரு.

வாங்கம்மா, என்ன, கை ஈரமா? துண்டுச் சீட்டு வேணாம்மா, மை ஒட்டிக்கும். இந்தக் கார்டுல தொடச்சிக்கோங்க. அட்டை, தண்ணியை அவ்வளவா இழுக்காது, பரவாயில்ல, ரெண்டு பக்கமும் தொடச்சிக்கோங்க. திருப்பிக் குடுக்க வேணாம்மா.