மூன்று மணிச் சங்கு

தலைமையேற்று அமர்ந்திருக்கும் தாளாளர் சங்கையா ஐயா அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பந்தல்காலில் சாய்ந்து நிற்கும் தந்தையரே, விரல் பிடித்து வந்த பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு, விழியை மட்டும் அங்கேயே வைத்திருக்கும் தாய்மார்களே, அந்த வகுப்பிலிருந்து இந்த ஒலிபெருக்கியையே தோற்கடிக்கும் குரலில் அழுதுகொண்டிருக்கும் என் அருமைச் செல்வங்களே! அனைவருக்கும் வஞ்சுளவல்லியின் வணக்கம்.

சென்ற மாதம்தான் பணி ஓய்வு பெற்றேன். இருபத்தோர் ஆண்டுகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, இராஜபாளையத்தில் இறங்கி, இதே பாலர் வகுப்புக்கு நடந்தவள் நான். ஜூன் பிறந்தால் மலைப்பக்கமிருந்து சாரல் வரும். என் வகுப்புக்குள்ளே அதைவிடப் பெரிய மழை பெய்யும்! சிலேட்டெல்லாம் கண்ணீர், சட்டையெல்லாம் சளி, டிபன் டப்பாவில் தொடப்படாத மாம்பழத் துண்டு. யாரது சிரிப்பது? முத்துவீரனா? எண்பத்தைந்தில் என் சேலைத் தலைப்பைப் பிடித்தவன், ஒரு மாதம் விடவில்லை. இன்று மீசையோடு அக்கா மகளைச் சேர்க்க வந்திருக்கிறான். சிரி ராஜா, நன்றாகச் சிரி.

அந்த அழுகையை அடக்க நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப்பேர் மில்லில் வேலை. மூன்று மணிக்குச் சங்கு ஊதும், ஷிப்ட் முடியும், அவர்கள் வருவார்கள். நான் என்ன சொன்னேன்? “அழாமல் இருந்தால் சங்கு ஊதும், சங்கு ஊதினால் அம்மா வருவாள்” என்றேன். எத்தனை எளிய பொய்! எத்தனை இனிய பொய்! மூன்றே நாளில் வகுப்பு அடங்கிவிடும். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூன். அசீனா என்றொரு நான்கு வயதுப் பிள்ளை. அவள் அம்மா அப்ரோஸ் பேகம் மில்லில் நூல் சுற்றுகிறவர். முதல் நாள் என் தந்திரத்தைக் கேட்டாள், அழுகையை விழுங்கினாள். பத்து நாள், ஒரு சொட்டு இல்லை. பார்த்தீர்களா என் சாமர்த்தியத்தை என்று எல்லோரிடமும் காட்டிக் காட்டி மகிழ்ந்தேன்.

பதினோராம் நாள். மணி மூன்று. சங்கு ஊதவில்லை. மூன்றே கால். ஊதவில்லை. ஆயா பிச்சையம்மாள் ஓடிவந்து, மில்லில் திடீர் வேலைநிறுத்தம், ஆட்களெல்லாம் கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள் என்றாள். மற்ற பிள்ளைகளை அக்கா, மாமா என்று யாரோ வந்து அழைத்துப் போனார்கள். அசீனாவுக்கு யாருமில்லை. மூடிய பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். நான்கு மணிக்கு என் பக்கம் திரும்பி, மெல்லக் கேட்டாள்.

“டீச்சர், காலையில வீட்டுல கொஞ்சூண்டு அழுதேன். அதான் ஊதலியா?”

ஐயையோ! ஒரு மில்லின் சங்கையே அந்தச் சின்னத் தலையில் சுமக்க வைத்தவள் நான் அல்லவா? அம்மா வராததற்குத் தானே காரணம் என்று ஒரு குழந்தையை நம்ப வைத்தவள் நான் அல்லவா? தரையில் உட்கார்ந்தேன். “டீச்சர் பொய் சொல்லிட்டேன் கண்ணு. சங்கு மில்லுக்காரங்க ஊதுறது. நீ அழுதாலும் ஊதும், அழாட்டியும் ஊதும். உன்மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன்.

மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “அப்ப, அழலாமா?”

“அழு.”

அழுதாளம்மா! பத்து நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அப்போதுதான் அப்ரோஸ் பேகம் மூச்சிரைக்க ஓடிவந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன டீச்சர், ஒங்களக் கூட்டிட்டுப் போக யாரும் வரலியா?”

சிரியுங்கள், நானும்தான் சிரித்தேன். அன்றோடு அந்தப் பொய்யை விட்டேன். அதன் பிறகு என் வகுப்பு அடங்க மூன்று வாரம் ஆனது. ஆகட்டுமே!

தாய்மார்களே, மில் சங்குக்கு வேலைநிறுத்தம் உண்டு. பஸ்ஸுக்குப் பஞ்சர் உண்டு. கரண்டுக்குக் கட் உண்டு. நம்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் கொடுத்த சொல்லுக்கு அதெல்லாம் உண்டா? “கடைக்குப் போய்ட்டு இந்தா வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பின்வாசலால் நழுவுகிறீர்களே, அது நியாயமா?

இன்று காலை என் பழைய வகுப்பின் ஜன்னல் பக்கம் நின்றேன். உள்ளே புது டீச்சர், கதறும் ஒரு பையனை மடியில் வைத்திருந்தார். “அழு ராசா. அம்மா மூணு மணிக்கு வருவாக. நேரமானாலும் நான் இங்கனதான் இருப்பேன்” என்றார். அந்த டீச்சர் பெயர் அசீனா.

இன்னும் பேச ஆசைதான். ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள், மூன்றாக ஐந்து நிமிடம். என் பேச்சில் நீங்கள் மயங்கியிருந்தால் அங்கே ஒரு பிள்ளை வாசலைப் பார்த்திருக்கும். தலைவர் மன்னிக்க வேண்டும், கைதட்டலும் வேண்டாம். எழுந்து ஓடுங்கள் தாய்மார்களே! வந்தவர்க்கு நன்றி, போகிறவர்க்கு வணக்கம்.