நீல அடுப்படி

கடைசியா எங்க அண்ணனை உயிரோட பாத்தது இதே கோணத்துலதாங்க. மேல இருந்து. எல்லாப் படமும் ஏன் இப்படிக் கவுந்து பாக்குற மாதிரியே இருக்குன்னு கேட்டீங்களே, அதான் காரணம். நான் அடுப்படிப் பரண்மேல படுத்திருந்தேன். அண்ணன்தான் காலைப் பிடிச்சுத் தூக்கி மேல திணிச்சாரு. செத்தாலும் வாயைத் தொறக்காதடான்னாரு. தொறக்கலை.

கிட்ட வந்தே பாருங்க, பரவாயில்ல. வாசல்ல ஒட்டியிருக்கிற நோட்டீஸ்ல நினைவு, இடம், அடையாளம்னு என்னென்னமோ போட்டிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு அடுப்படி. ஹால் முழுக்க அதையே மாட்டி வச்சிருக்கேன். நேத்து ஒரு அம்மா வந்து, நீங்க சமையக்காரரான்னு கேட்டுட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரி இருந்தவரைக்கும் அவளும் திட்டுவா. நாம குடியிருக்கிற வீட்டை ஒரு தடவை வரைஞ்சாத்தான் என்ன, கை தேஞ்சா போயிரும்னு கேப்பா. முப்பது வருஷம் குடியிருந்தும் அந்த வீடு என் கைக்கு வரலைங்க. அவளும் போய்ச் சேந்துட்டா.

என்னது, நீங்களும் அந்த ஊரா! அட, முதல்லயே சொல்லக்கூடாதா? பின்னாடித் தெருவா? எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்களா? அடிக்கடியா? உட்காருங்க, உட்காருங்க. ஊர்க்காரர் ஒருத்தரைப் பாத்து எவ்வளவு காலமாச்சு.

அப்ப அந்தக் கலவரத்தன்னைக்கு நடந்தது காதுல விழுந்திருக்குமே. கும்பல் வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருந்துச்சு. ஒருத்தன் மட்டும் பின்கதவைக் கடப்பாரையால நெம்பிட்டு அடுப்படிக்குள்ள வந்தான். மூஞ்சியில துணி. முதல் அடி தோள்ல. அண்ணன் கைக்குக் கிடைச்ச சட்டியைத் தூக்கி எறிஞ்சாரு, அது போயி ஜன்னல்ல விழுந்துச்சு. அடுத்த அடி மண்டையில. அந்தச் சத்தத்தை மட்டும் எப்படி வரையிறதுன்னு தெரியலைங்க. அண்ணன் விழுந்த பிறகும் அவன் நிறுத்தலை. அடிச்சான், மூச்சு வாங்கிச்சு, சுவத்துல கையை ஊனி நின்னான், மறுபடியும் அடிச்சான். அவன் வெளிய போனதும் வாசல் பக்கமா நெருப்பு வச்சானுங்க. நான் கூரை ஓட்டைப் பிரிச்சுக்கிட்டு விழுந்து ஓடினேன். பொழுது சாயுறதுக்குள்ள வீடு சாம்பல்.

யாருன்னு கண்டுபிடிக்கவே இல்ல. நான் பாத்ததெல்லாம் ஒரு உச்சந்தலை, ஒரு முதுகு, அவ்வளவுதான். அது யாருதுன்னு தெரியாம எனக்குக் கட்டை வேகாதுங்க.

சரி விடுங்க. படம் எப்படி? ஊர்க்காரர் நீங்க, தப்பு இருந்தா தயங்காம சொல்லணும். அடுப்பு அங்கதானே இருந்துச்சு? ஜன்னல்? அடிக்கடி வந்து போனவருக்குத் தெரியாம இருக்குமா. என்ன, சுவரா? நீலம் இல்லையா?

மஞ்சளா?

மஞ்சள்தான். நல்ல ஞாபகம் உங்களுக்கு.

எந்திரிக்காதீங்க. என்ன அவசரம்? தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா? நான் பொறந்ததுல இருந்து அது நீலம்தாங்க. தெருவுல யாரைக் கேட்டாலும் நீலம்னுதான் சொல்லுவாங்க. கைக்குழந்தையோட அண்ணி மறுநாள் வரப்போறாங்கன்னு, அன்னைக்குக் காலையிலதான் நானும் அண்ணனுமா மஞ்சள் அடிச்சோம். அண்ணிகிட்டக்கூடச் சொல்லலை, வந்து பாத்து அசந்து போகட்டும்னு. அவங்ககிட்ட இன்னைக்குக் கேட்டாலும் நீலம்பாங்க. பெயிண்ட் காயக்கூட இல்ல, அதுக்குள்ள கதவை உடைச்சாச்சு. சுவத்துல ஊனின கையில நல்லா ஒட்டியிருக்கும். கழுவ ரொம்பச் சிரமப்பட்டிருப்பீங்க.

போற ஊர்லயெல்லாம் வேணும்னேதான் நீலமா வரைஞ்சு மாட்டுறேன். நம்ம ஊர்க்காரங்க வருவாங்க, பாப்பாங்க, கண்ணைத் துடைச்சுக்குவாங்க, அப்படியே இருக்குன்னுட்டுப் போவாங்க. யாரும் இதுவரைக்கும் திருத்தினதில்ல.

அந்த மஞ்சளைப் பாத்தது மொத்தமே மூணு பேரு. அண்ணன் போயிட்டாரு. மிச்சம் நீங்களும் நானும்தான்.