கதவிடுக்குச் செங்கல்

நான் காப்பி நன்றாகப் போடுவேன், ஐயா. மெம்பிசில் ஹேக்பெரி இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்த அன்றே முதலாளி ஆர்வில் டேக்கெட் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பருத்தி பறித்த குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பது மட்டும் கடைசிவரை அவர் கண்ணில் படவில்லை.

கம்பெனி நடந்தது ஒரு பழைய கறிக்கடையில். பின்னால் கறி தொங்கிய குளிர் அறைதான் எங்கள் எதிரொலி அறை. பாட்டை ஒலிபெருக்கி வழியாக அதற்குள் விட்டு, சுவரில் மோதித் திரும்புவதை மைக்கில் பிடிப்போம். அந்தச் சத்தத்துக்காகத்தான் தென் மாநிலங்கள் முழுக்க எங்கள் தட்டுகளை வாங்கினார்கள். அந்த யோசனை என்னுடையது. தட்டில் அச்சடித்ததோ, 'தயாரிப்பு: ஆர்வில் டேக்கெட்'. ஒவ்வொரு தட்டிலும்.

அறைக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. யார் போனாலும் கதவிடுக்கில் செங்கல் வைத்துவிட்டுத்தான் போவோம்.

எங்கள் பாடகி லூடெல் கடைசியாகப் பாடிய பாட்டை எழுதியதும் நான், மெட்டமைத்ததும் நான். இதிலாவது என் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"ஏம்மா வெர்லீன், வாங்குறவன் பாட்டக் கேப்பானா, ஒம் பேரப் படிப்பானா? காலேஜ் போன புள்ளைக்கு இதுகூடப் புரியல. போ, காப்பி கொண்டா."

சொல்லிவிட்டு மைக்கை நகர்த்த அறைக்குள் போனார். கோட்டு நாற்காலியில் கிடந்தது. ஆஸ்துமா மருந்து அதன் பையில்.

செங்கலைக் காலால் தள்ளிவிட்டுக் காப்பி போட்டேன். திரும்பி வந்து பாட்டை ஓட்டி, நாடாவில் பதிய ஆரம்பித்தேன். ஹெட்போனில் அவர் கதவைத் தட்டுவது கேட்டது.

"வெர்லீன், கதவத் தொறம்மா. மூச்சு முட்டுது."

பேச்சு பாட்டுக்கு இடைஞ்சல். அதை வெட்டிவிட்டேன். தட்டல் அப்படியில்லை; மூன்றாவது சரணத்தில் தாளத்தோடு அப்படியே பொருந்தியது. அது தளர்ந்த இடத்தில் பாட்டையும் மெல்ல இறக்கினேன். பிறகு கதவைத் திறந்தேன். காப்பி ஆறியிருந்தது.

செங்கல் நழுவிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். கம்பெனியின் சரித்திரத்திலேயே அதிகம் விற்றது அந்தத் தட்டுதான். தட்டு அச்சாகும் முன் நாடாவைப் போட்டபோதே லூடெல்கூடக் கேட்டாள், யாரடி அந்த டிரம்ஸ்காரன் என்று.

தாளத்துக்குக் கைதட்டக்கூடத் தெரியாத மனிதரின் பெயர் அந்தத் தட்டில் அப்படி எப்படி வந்தது என்று அவர் மனைவி கேட்டதால்தானே நீங்கள் வந்தீர்கள்? நான்தான் போட்டேன். என் பெயருக்குக் கீழே, 'தாளம்: ஆர்வில் டேக்கெட்'.

அடுத்தவர் உழைப்பை என் பெயரில் போட்டுக்கொள்ள நான் என்ன, அவரா?