பின்மூலை மண்

வீடு வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். கூரை, விளக்கு, மின்விசிறி, ஜன்னலில் தெரிகிற வானம். வானத்தையும் சேர்த்து விலை பேசியிருப்பதாக ஒரு நினைப்பு. குனிந்து பார்க்கிறவர்கள் அபூர்வம் சார். நான் குனிந்து பார்க்கிற ஆள். அதனால்தான் எங்கள் பக்கத்தில் யார் வீடு வாங்கினாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் என் கடைக்கு வந்து, "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்பார்கள்.

என்னுடையது பெயிண்ட், சிமெண்ட், குழாய்ச் சாமான் கடை. அப்பா வைத்தது. எங்கள் வீட்டில் தாய்ப்பாலோடு பேரத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு டாக்டர் மாத்திரை எழுதினால்கூட அப்பா, "ரெண்டு வேளைக்கு முடிச்சுக்கலாமா?" என்று கேட்பார். நான் அவர் பிள்ளை. என் தங்கை யார் பிள்ளை என்று அவருக்கே சந்தேகம் வரும். கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, "பாவம்ணா, அவரும் பிழைக்கணும்ல" என்று வந்து நிற்பாள். நான் அவளுக்கு 'வள்ளல்' என்று பெயர் வைத்தேன். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

அஸ்திவாரத்தை எப்படிப் பார்ப்பது என்று நேற்று கேட்டீர்கள். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. மழைக்கு மறுநாள் போக வேண்டும். வெயிலில் எல்லா வீடும் யோக்கியமான வீடுதான். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சுவர் ஓரமாகவே விழுந்தால் அந்தச் சுவர் குடிக்கப் பழகிவிட்டது என்று அர்த்தம். குடிப்பவனை நம்பி எதையும் நிறுத்தக்கூடாது. தரை வீட்டை விட்டு வெளியே சரிய வேண்டும், வீட்டைப் பார்த்துச் சரியக்கூடாது. மயிரிழைக் கீறலுக்குப் பயப்பட வேண்டாம், அது பூச்சுக்கு வயதாகிறது. செங்கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி ஏறுகிற விரிசல்தான் கெட்டது. பிறகு ஒவ்வொரு கதவையும் திறந்து மூடுங்கள். வீட்டுக்காரர் பொய் சொல்வார், தரகர் பொய்க்குச் சத்தியமும் செய்வார். கதவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கடைசியாக, நாலு மூலையிலும் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுதான். தங்கை வீட்டிலும் இதைத்தான் செய்தேன்.

அப்பா சாகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். தங்கைக்கு என்று ஒரு வீடு அமைகிறவரை, கடைக்கு மேலே இருக்கிற இரண்டு அறைகளும் அவளுக்கு. அவளும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர், தனக்கு மட்டும் நான் காட்டியதைத்தான் பார்ப்பார். தங்கமான மனுஷன். இரண்டு பேராலும் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் கடை பெருகிவிட்டது. பெயிண்ட் டப்பாக்கள் மாடிப்படியில் ஏறி, அவர்கள் வாசல்வரை போய் உட்கார்ந்துவிட்டன. எனக்கு அந்த அறைகள் வேண்டியிருந்தன. அப்பா வார்த்தையை மீறுகிறவன் நான் இல்லை. அவளுக்கு ஒரு வீடு அமைந்துவிட்டால் வார்த்தையும் காப்பாற்றப்படும், அறையும் காலியாகும்.

தேடாத தெரு இல்லை. கைக்கு எட்டியது பிடிக்கவில்லை, பிடித்தது எட்டவில்லை. கடைசியில் ஒரு முட்டுச்சந்தில் இந்த வீடு வந்தது. வெளிர்பச்சையில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கள் கடைப் பெயிண்ட் இல்லை என்று ஒரு விரலால் தடவியே சொன்னேன். தாழ்ப்பாள் ஆடுகிறது, குழாய் சொட்டுகிறது, தரைக் கல் நிறம் மாறுகிறது என்று நான் அடுக்க அடுக்க வீட்டுக்காரர் வியர்த்துப் போனார். "சார், நீங்க வீடு வாங்க வந்தீங்களா, என்னை வித்துட்டுப் போக வந்தீங்களா?" என்றார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கம்பியோடு வெளியே போனேன். மூன்று மூலையில் ஒரு சாண் போனதும் கம்பி நின்றது. பின்மூலையில் நிற்கவில்லை. பிடித்திருந்த கை மண்ணைத் தொடுகிறவரை இறங்கியது. உருவியபோது அழுகல் வாடை வந்தது. யாரோ ஒரு பழைய பள்ளத்தைக் குப்பை போட்டு மூடி, அதன் மேல் சுவரை நிறுத்தியிருக்கிறார்கள். போதாததற்குக் கூரைக் குழாயும் சரியாக அங்கேதான் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றார். "என்ன மச்சான், கம்பி முழுசா போயிடுச்சு?"

"நல்ல ஈர மண்ணு மாப்பிள்ளை. ஒரு எலுமிச்சை வெச்சா பிச்சிக்கிட்டு வரும்" என்றேன். கம்பியைப் புல்லில் துடைத்தேன். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்: "வள்ளல், உனக்கு எலுமிச்சைத் தோட்டம் ரெடி."

அதில் பொய் இல்லை. எலுமிச்சை நன்றாகவே வந்தது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் வாங்கமாட்டார்கள், வாங்காவிட்டால் மேலேயே இருப்பார்கள். சரிசெய்தாவது கொடுத்திருக்கலாமே என்பீர்கள். முடிந்திருக்கும். குழாயை வேறு பக்கம் திருப்பி, மூலையைத் தோண்டிக் குப்பையை வாரி, கெட்டி மண் வருகிற ஆழத்திலிருந்து கான்கிரீட் போட்டு ஏற்றினால் அந்தச் சுவர் என் காலத்துக்கும் நின்றிருக்கும். ஆனால் தோண்டினால் ஏன் தோண்டுகிறீர்கள் என்று கேட்பார்கள். கேள்வி வந்த சரக்கு விலை போகாது.

அவர்கள் குடிபோன அன்று மாலையே டப்பாக்களை மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

முதல் மழைக்குப் பின்னறைக் கதவு பிடித்துக்கொண்டது. தச்சரை அனுப்பிச் சீவச் சொன்னேன். அடுத்த மழைக்கும் சீவினார். அதற்கடுத்த முறை போய்விட்டு வந்தவர், "இன்னும் ரெண்டு தடவை சீவினா அது கதவு இல்ல முதலாளி, ஜன்னல் சட்டம்" என்றார். நானும் சிரித்தேன். கூலியைக் கையில் கொடுத்து, ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிய வேண்டாம் என்று சேர்த்தும் கொடுத்தேன். பிறகு சுவரில் விரிசல் வந்தது, படிக்கட்டு மாதிரி. எங்கள் கடையிலேயே உயர்ந்த பூச்சை அனுப்பினேன். இழுத்தால் இழுபடும், வெடிக்காது. காசு வாங்கவில்லை. "எங்கண்ணன் குடுத்தது" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பசிக்கிறவன் நம் பேச்சைக் கேட்பவனாக இருந்தால் மறைக்கலாம்.

மாப்பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. ஒருநாள் கடைக்கு வந்து, "ஒரு எஞ்சினியரைக் கூட்டிட்டு வந்து காட்டிடலாமா மச்சான்?" என்றார்.

"தாராளமா காட்டுங்க. வந்தவன் சும்மா போவானா? இடிச்சுக் கட்டுன்னுதான் சொல்லுவான். ஏன் மாப்பிள்ளை, கண்ணு நல்லா இருக்கு, கண்ணாடி வேணாம்னு உங்க கடையிலேருந்து யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கீங்களா?"

வெட்கப்பட்டுச் சிரித்தார். "போங்க மச்சான், உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா" என்றார். எஞ்சினியர் வரவில்லை. வந்திருந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார். காலி செய்தால் அவர்கள் எங்கே வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த வருஷ மழை விடாமல் பெய்தது. மத்தியானம் தங்கை போன் செய்தாள். நான் அப்போது மாடியில்தான் இருந்தேன், புதுச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, பின்னாடி ரூம்ல தரை ஒரு பக்கமா இறங்கின மாதிரி இருக்குண்ணா. நடந்தா கால் இழுத்துட்டுப் போகுது. அவர் கடைக்குப் போயிட்டார். மழை விடற வரைக்கும் நான் அங்க மேல வந்து இருக்கட்டுமா?"

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

"மேல முழுக்க பெயிண்ட்டும்மா. உன் இளைப்புக்கு அந்த வாசனை ஆகாது. புது வீடுன்னா கொஞ்சம் உக்காரத்தான் செய்யும்."

"இது எப்படிண்ணா புது வீடு?"

"உனக்குப் புதுசுதானே வள்ளல்."

சிரித்தாள். "சரிண்ணா. உனக்குத் தெரியாததா" என்றாள். அதற்குள் யாரோ டப்பாவைத் தலைகீழாக இறக்கினார்கள். சத்தம் போட வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டேன்.

வெளிச்சம் குறைவதற்கு முன்பே ஆள் வந்தது. பின்சுவர் முதலில் போயிருக்கிறது. சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளே புகுந்து அறைக் கதவைத் தள்ளியிருக்கிறார்கள். சட்டம் கோணி அது இறுகிவிட்டிருந்தது. உள்ளே அவள் குரல் கேட்டதாம். கதவை உடைப்பதற்குள் கூரையும் இறங்கிவிட்டது. நனைந்துவிடுமே என்று மாப்பிள்ளையின் கண்ணாடிப் பெட்டிகளை எடுக்கத்தான் அந்த அறைக்குப் போயிருக்கிறாள்.

மாப்பிள்ளை என் தோளில் விழுந்து அழுதார். நானும் அழுதேன் சார், அதில் கலப்படம் இல்லை. அவருக்கு அந்தத் தெருப் பக்கம் போகவே முடியவில்லை. மாடியில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி தூங்குவதில்லை. வாசனையால் இருக்கலாம்.

அவர் என்னைப் பற்றி உங்களிடம் நல்லவிதமாகத்தான் சொல்லியிருக்கிறார். மச்சான் எல்லாவற்றையும் பார்த்தார், இது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது என்று. வீட்டை விற்றவரும் தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்கிறார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது, வாங்கியபடியே விற்றவர். அதையெல்லாம் வைத்து நீங்கள் எழுதியதை இன்று காலை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மண்ணின் குறையை வீட்டைப் பார்வையிட்டவர் கவனிக்கத் தவறிவிட்டார் என்று ஒரு வரி வந்தது. நான் வாயைத் திறந்தது அந்த வரிக்காகத்தான். நீங்கள் ஒரு அடிகூட அடிக்கவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவும் இல்லை.

தெரிந்தே அவளை அந்த வீட்டில் குடிவைத்தேன். வருகிறேன் என்றவளைத் தெரிந்தே வரவேண்டாம் என்றேன். சொந்தத் தங்கையைக் கொன்றவன் என்று எழுதுங்கள், எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். கவனிக்கத் தவறினார் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த மண்ணை நான் முதல் குத்திலேயே கண்டுபிடித்தேன். வெளியே வந்தபிறகு நாலு பேர் என்னை நம்பி வீடு பார்க்கக் கூப்பிட வேண்டாமா சார்?